போடாத வாக்கு யாருக்குப் போயிற்று?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் இல்லத்து நிக்காஹ் ஒன்றில் நிகழ்ந்த உரையாடல் இது. விருந்து முடிந்து, ஸஹன்கள் எடுக்கப்பட்டு, வந்தவர்கள் ஒவ்வொருவராய் ஸலாம் கூறி விடைபெற்றுக்கொண்டிருந்த நேரம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பணியாற்றி, விடுமுறையில் ஊர் வந்திருந்த என் தமக்கை மகனோடு திண்ணையில் அமர்ந்திருந்தேன். பேச்சு அந்நாட்டு அரசியலைத் தொட்டது. 2009-ஆம் ஆண்டில் நடைபெற்ற ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில், மான்செஸ்டரை உள்ளடக்கிய வடமேற்கு இங்கிலாந்திலிருந்து, வெள்ளையரல்லாதாரை உறுப்பினராகவே சேர்க்காத ஒரு கட்சியின் தலைவர் வெற்றி பெற்றதை நினைவூட்டி, "அந்தத் தேர்தலில் நீ ஓட்டுப் போட்டாயா, தம்பி?" என்று கேட்டேன்.

"சீட்டு வீட்டுக்கு வந்துச்சு, மாமா. யாரு போறது? அந்தப் பார்லிமெண்டால நமக்கென்ன ஆகப் போவுது?" என்றார் சிரித்துக்கொண்டே.

அவர் அறிவிலி அல்லர், படித்தவர். பொறுப்பற்றவரும் அல்லர், தம் ஊதியத்தின் பெரும்பகுதியைத் தாய்க்கும் தங்கையருக்கும் அனுப்பி வைப்பவர். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல் என்றால், அங்கிருந்தே தொலைபேசியில் நான்கு பேரை அழைத்து நியாயம் கேட்பவர். அத்தகையவரின் நாவில் இருந்துதான் 'நமக்கென்ன' என்னும் சொல் அத்துணை எளிதாக உதிர்ந்தது. திண்ணையில் அன்று என்னால் அவருக்கு மறுமொழி கூற இயலவில்லை. கூறத்தக்க செய்திகள் என் கைவசம் இல்லை. பின்னர்த் தேடிப் படித்தேன். படித்தபின் எழுந்த மறுமொழியை இங்கே எழுதுகிறேன். இது அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

என் வழக்கு இதுதான்: 'பயனற்றது' என்று ஒருவன் வீசியெறிந்த வாக்கு வீணாகிப் போவதில்லை. அது வேறொருவன் வாக்கின் எடையைக் கூட்டுகிறது. பெரும்பாலும் அந்த வேறொருவன், வீசியெறிந்தவனின் பகைவனாகவே இருந்துவிடுகிறான். இவ்வுண்மைக்கு 1979 முதல் 2019 வரை பிரிட்டன் நடத்திய ஒன்பது ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தல்களைவிடத் தெளிவான சான்று வேறெங்கும் நான் கண்டதில்லை.

மன்றம் வளர்ந்தது, ஆர்வம் தேய்ந்தது

பல நாடுகள் சேர்ந்து அமைத்த ஒரு பாராளுமன்றத்துக்கு, அந்நாடுகளின் மக்களே நேரில் வாக்களித்துப் பிரதிநிதிகளை அனுப்பும் ஏற்பாடு 1979 ஜூன் மாதத்தில் தொடங்கிற்று. அதற்கு முன்னர், ஒவ்வொரு நாட்டுப் பாராளுமன்றமும் தன் உறுப்பினர்களில் சிலரைப் பொறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. அவ்வாண்டில் ஒன்பது நாடுகளின் மக்கள் 410 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். பிரிட்டனின் பங்கு 81.

ஒன்பது நாடுகளையும் சேர்த்து நூற்றுக்கு 62 பேர் வாக்களித்தனர். பிரிட்டனிலோ 32 பேர்தாம் வாக்குச்சாவடிக்கு வந்தனர். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதே நாட்டின் பொதுத்தேர்தலில் நூற்றுக்கு 76 பேர் வரிசையில் நின்றிருந்தனர். மே மாதத்தில் இருந்த கால்கள் ஜூன் மாதத்தில் எங்கே போயின?

"அந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை, அதனால் போகவில்லை" என்பர். 1979-ஆம் ஆண்டுக்கு இவ்விடை ஓரளவு பொருந்தும். அன்றைய ஐரோப்பியப் பாராளுமன்றம் பெரும்பாலும் ஆலோசனை கூறும் சபையாகவே இருந்தது. வரவு செலவுத் திட்டத்தில்தான் அதற்குச் சொல்லத்தக்க அதிகாரம் இருந்தது. ஆனால் அதன்பின் நிகழ்ந்தது என்ன? 1987-ல் நடைமுறைக்கு வந்த ஒற்றை ஐரோப்பியச் சட்டம் அதன் கையை வலுப்படுத்திற்று. 1993-ல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை, பல துறைகளில் அமைச்சர் அவையோடு சரிசமமாக அமர்ந்து சட்டமியற்றும் உரிமையை வழங்கிற்று. 2009 டிசம்பரில் லிஸ்பன் உடன்படிக்கை அவ்வுரிமையைப் பெரும்பாலான துறைகளுக்கும் விரித்தது. 2012 ஜூலையில், பெரிய அரசுகள் பல கையொப்பமிட்ட ஏ.சி.டி.ஏ. என்னும் அனைத்துலக ஒப்பந்தத்தை அம்மன்றம் 478 வாக்குகளுக்கு 39 என்ற கணக்கில் தூக்கியெறிந்தது. ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்குச் செல்பவனின் கைபேசிக்கு விதிக்கப்பட்ட கூடுதல் கட்டணம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூனில் ஒழிந்ததும் அம்மன்றம் பங்கேற்று இயற்றிய சட்டத்தால்தான்.

1999-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைப் பாருங்கள். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், முறைகேட்டுப் புகார்களில் சிக்கிய ஐரோப்பிய ஆணையம், பாராளுமன்றத்தின் நெருக்குதலைத் தாங்கமாட்டாமல் தலைவர் ழாக் சாண்டேரோடு ஒட்டுமொத்தமாகப் பதவி துறந்தது. மக்கள் மன்றம் தன் பல்லைக் காட்டிய ஆண்டு அது. மூன்றே மாதங்களில் தேர்தல் வந்தது. பிரிட்டனில் வாக்களித்தவர் எத்தனை பேர்? நூற்றுக்கு 24! நான்கு பேரில் மூவர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். அவ்வாண்டு ஒன்றியத்தின் 15 நாடுகளிலும் அதுவே கடைசி நிலை.

ஆகவே, 'அதிகாரம் இல்லை' என்பது உண்மைக் காரணமாக இருந்திருந்தால், அதிகாரம் ஏற ஏற வாக்கும் ஏறியிருக்க வேண்டும். ஒன்பது தேர்தல்களில் ஒன்றில்கூடப் பிரிட்டனின் வாக்குப்பதிவு நூற்றுக்கு 40-ஐத் தொடவில்லை. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

குற்றம் மக்களிடம் மட்டுமா?

மக்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது அநீதி. முதற்குற்றவாளிகள் ஆண்டவர்களே.

ஐரோப்பிய நாடுகள் பிற, வாக்குகளின் விகிதத்துக்கேற்ப இடங்களைப் பங்கிடும் முறையைக் கைக்கொண்டபோது, பிரிட்டன் மட்டும் வட அயர்லாந்து நீங்கலான தன் நிலப்பரப்பில், 'முந்தியவனுக்கே தொகுதி' என்னும் பழைய முறையை இருபதாண்டுக் காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் விளைவு? 1979-ல் நூற்றுக்கு 12-க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற லிபரல் கட்சிக்கு ஓரிடமும் இல்லை. 1989-ல் பசுமைக் கட்சிக்கு 22 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கு. கிடைத்த இடம் பூஜ்யம்! இருபத்திரண்டு இலட்சம் பேரின் குரலைக் குப்பைத்தொட்டியில் இட்டுவிட்டு, "மக்களுக்கு ஆர்வமில்லை" என்று அங்கலாய்ப்பது எவ்வகை நீதி?

1999-ல் தான் விகிதாசார முறை வந்தது. பிரபுக்கள் சபை திரும்பத் திரும்பத் தடுத்தும், பாராளுமன்றச் சட்டத்தின் துணைகொண்டு தொழிற்கட்சி அரசு அதை நிறைவேற்றிற்று. ஆனால் அதிலும் ஒரு சூது. வாக்காளன் கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. யார் முதலிடம், யார் கடைசியிடம் என்பதைக் கட்சித் தலைமை முன்கூட்டியே பட்டியலில் எழுதிவிடும். தன் பிரதிநிதியின் பெயர்கூடத் தெரியாதவன் எந்த உறவில் வாக்குச்சாவடிக்கு வருவான்?

வட அயர்லாந்து இதற்கு எதிர்ச்சான்று. அங்கே தொடக்கம் முதலே, வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வாக்காளனே வரிசைப்படுத்தும் முறை இருந்தது. மூன்றே இடங்கள். ஒன்றில் புராட்டஸ்டண்ட் கடுங்கொள்கையர் இயன் பெய்ஸ்லி. மற்றொன்றில் பின்னாளில் நோபல் சமாதானப் பரிசு பெற்ற ஜான் ஹ்யூம். ஒருவரையொருவர் அரசியலில் கடுமையாக எதிர்த்த இருவரும் ஒரே மண்ணின் பேராளர்களாய் ஸ்ட்ராஸ்பர்க் சென்று அமர்ந்தனர். அங்கு வாக்குப்பதிவு பிரிட்டனின் பிற பகுதிகளைவிட உயர்ந்தே நின்றது. 1984-ல் நூற்றுக்கு 60-ஐயும் கடந்தது. பெயரும் முகமும் தெரிந்த இடத்தில் மக்கள் வந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பெருங்கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. ஐரோப்பியத் தேர்தலில் ஐரோப்பாவைப் பற்றி அவர்கள் பேசியது அரிது. உள்நாட்டு அரசின் மீது கோபமா, பாராட்டா என்று காட்டிக்கொள்ளும் ஒத்திகை நாளாகவே அதை நடத்தினர். பிரஸ்ஸல்ஸில் தாங்களே கைதூக்கி ஒப்புக்கொண்ட சட்டத்தை, ஊர் திரும்பியதும் "அவர்கள் நம்மீது திணித்தது" என்று கூறித் தப்பித்துக்கொண்ட அமைச்சர்கள் உண்டு. வீட்டுக்குடையவனே தன் வீட்டைப் பழித்தால், வழிப்போக்கன் அதில் கல்லெறியத் தயங்குவானா?

எனினும், ஆண்டவர்களின் குற்றம் ஆளப்பட்டவர்களின் குற்றத்தைக் கழுவிவிடாது. இங்கேதான் என் மருமகனின் ஊருக்கு வருகிறேன்.

வாக்குக் குறைந்தது; வெற்றி கிடைத்தது

வடமேற்கு இங்கிலாந்து: மான்செஸ்டர், லிவர்பூல், போல்டன், பிளாக்பர்ன், பர்ன்லி, ஓல்டம் ஆகிய ஊர்களைக் கொண்ட பகுதி. பருத்தி ஆலைகளில் உழைக்க வந்த பாகிஸ்தானியரும் வங்காளியரும் குஜராத்தியரும் தலைமுறை தலைமுறையாய் வேரூன்றிய மண். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அங்கு வாழ்ந்தனர்.

அங்கே பிரிட்டிஷ் தேசியக் கட்சி என்றொரு கட்சி வேட்பாளர்களை நிறுத்திற்று. 2010-ல் வழக்கின் நெருக்குதலால் தன் விதியை மாற்றும் வரை வெள்ளை இனத்தாரை மட்டுமே உறுப்பினராய் ஏற்ற கட்சி அது. அதன் தலைவர் நிக் கிரிஃபின், இனப்பகையைத் தூண்டும் வெளியீட்டுக்காக 1998-ல் தண்டிக்கப்பட்டவர். இஸ்லாத்தை இழித்துரைத்த பேச்சுக்காக மீண்டும் வழக்கை எதிர்கொண்டு 2006-ல் விடுதலையானவர்.

2004-ஆம் ஆண்டுத் தேர்தலில் அப்பகுதிக்கு 9 இடங்கள். அக்கட்சி பெற்ற வாக்குகள் 1,34,959. இடம் கிடைக்கவில்லை, தோற்றது.

2009-ஆம் ஆண்டுத் தேர்தலில் அப்பகுதிக்கு இடங்கள் 8-ஆகக் குறைந்தன. அதாவது வெல்வது இன்னும் கடினம். அக்கட்சி பெற்ற வாக்குகள் 1,32,094. கிரிஃபின் வென்றார்!

வாசகப் பெருமக்கள் இவ்விரு எண்களையும் மீண்டும் ஒருமுறை நோக்க வேண்டும். வென்ற ஆண்டில் அவர் கட்சி பெற்ற வாக்குகள், தோற்ற ஆண்டில் பெற்றதைவிட 2,865 குறைவு. இடமும் ஒன்று குறைவு. அப்படியிருந்தும் வென்றது எப்படி? அவரை ஆதரித்தவர்கள் பெருகவில்லை. அவரை எதிர்த்திருக்கக்கூடியவர்கள் வரவில்லை. 2004-ல் அப்பகுதியில் நூற்றுக்கு 41 பேர் வாக்களித்திருந்தனர். 2009-ல் ஏறத்தாழ 32 பேர். மொத்த வாக்குகளில் நாலரை இலட்சம் குறைந்துபோயிற்று. அதனால் 6.4 விழுக்காடாக இருந்த அக்கட்சியின் பங்கு, ஒரு புதிய வாக்கும் சேராமலேயே, 8 விழுக்காடாய் வீங்கிற்று. கடைசி இடம் அதன் மடியில் விழுந்தது. அந்த இடத்துக்குப் போட்டியிட்ட பசுமைக் கட்சி அதைவிட ஏறத்தாழ ஐயாயிரம் வாக்குகளே பின்தங்கியிருந்தது.

ஐயாயிரம்! மூன்று இலட்சம் முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதியில், நாலரை இலட்சம் வாக்குகள் குறைந்துபோன தேர்தலில், ஐயாயிரம்!

பக்கத்திலுள்ள யார்க்ஷயர்–ஹம்பர் பகுதியிலும் இதே கதை. பிராட்ஃபோர்டு நகரம் அங்குதான் இருக்கிறது. 2004-ஐவிட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் குறைந்த நிலையில், அக்கட்சியின் ஆண்ட்ரூ பிரான்ஸ் 2009-ல் வென்றார்.

வராமற்போனவர்களின் பக்கத்து நியாயத்தையும் கூறிவிடுகிறேன். 2004-ல் இவ்விரு பகுதிகளிலும் சோதனை முயற்சியாக வாக்குச்சீட்டு அஞ்சல் வழியே வீடு தேடி வந்தது. 2009-ல் சாவடிக்கு நடந்து செல்ல வேண்டியிருந்தது. மேலும், பாராளுமன்ற உறுப்பினர்கள் செலவுப் படிகளில் செய்த முறைகேடுகள் அவ்வாண்டு மே மாதத்தில்தான் அம்பலமாயின. மக்களுக்கு அரசியல்வாதிகள் மீது அளவிறந்த சினம். அச்சினம் நியாயமானதே. ஆனால் சினத்தைக் காட்ட அவர்கள் கண்ட வழி எத்தகையது? திருடன்மேல் கோபங்கொண்டு வாசற்கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கப் போனவன் கதைதான். சில தெருக்கள் நடக்கச் சோம்பியதன் விலை, ஐந்தாண்டுக் காலம் அம்மண்ணின் பெயரால் ஓர் இனப்பகைவர் ஐரோப்பிய மன்றத்தில் வீற்றிருந்தது. 2014-ல் தான் அவர் இடம் பறிபோயிற்று.

"எல்லாம் விகிதாசார முறையால் வந்த கேடு, பழைய முறை இருந்திருந்தால் அவர் வந்திருக்க முடியாது" என்று கூறுவோர் உண்டு. அதே வடமேற்கின் இடங்களில் ஒன்றில், 2004 முதல் 2019 வரை ஸஜ்ஜாத் கரீம் என்னும் முஸ்லிம் உறுப்பினர் அமர்ந்திருந்தார். அவரை ஏற்றியதும் அதே முறைதான். பிரான்ஸ் வென்ற யார்க்ஷயர்–ஹம்பரில், சோமாலியாவில் பிறந்து அகதிக் குழந்தையாய் இங்கிலாந்துக்கு வந்த மஜீத் மஜீத், 2019-ல் பசுமைக் கட்சியின் சார்பில் வென்றார். அதுவும் அதே முறைதான். தராசு பொய் சொல்வதில்லை. தட்டில் இட்டதையே நிறுக்கிறது. தட்டில் ஒன்றும் இடாதவன் தராசை நொந்துகொள்வதில் பொருளில்லை.

வெறுத்தவருக்கே மேடை

அடுத்த பாடம் இதனினும் பெரிது.

நைஜல் ஃபராஜ் என்பார் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நுழைய 1994 முதல் 2015 வரை ஏழு முறை முயன்றார். ஏழு முறையும் தோற்றார். எட்டாம் முறை, 2024-ல் தான் வென்றார். அவ்விடைக்காலத்தில் அவருக்குப் பதவியும் ஊதியமும் மேடையும் தந்தது எது? அவர் எதனை ஒழிக்கப் புறப்பட்டாரோ, அதே ஐரோப்பியப் பாராளுமன்றம்தான்! நூற்றுக்கு 24 பேர் மட்டுமே வாக்களித்த 1999-ஆம் ஆண்டில் அவர் அங்கு நுழைந்தார். 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறும் வரை அங்கேயே இருந்தார். 2010-ல் ஐரோப்பியக் கவுன்சிலின் தலைவரை நேருக்கு நேர் இழித்துப் பேசி, பத்து நாள் படியை இழந்தார். அந்தப் பேச்சு உலகெங்கும் அவர் பெயரைப் பரப்பிற்று.

அவர் சார்ந்த ஐக்கிய இராச்சியச் சுதந்திரக் கட்சி 1999-ல் 3 இடங்கள் பெற்றது, 2004-ல் 12, 2009-ல் 13, 2014-ல் 24 இடங்களோடு நாட்டின் முதற்கட்சியாயிற்று. கன்சர்வேடிவ் கட்சியும் தொழிற்கட்சியும் அல்லாத ஒரு கட்சி நாடு தழுவிய தேர்தலில் முதலிடம் பெற்றது 1906-க்குப் பின் அதுவே முதல் முறை. "மக்களின் தீர்ப்பு" என்று பத்திரிகைகள் முழங்கின. எந்த மக்கள்? வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அவர்களில் அக்கட்சிக்கு வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 27-க்கும் குறைவு. பெருக்கிப் பார்த்தால், பதிவு பெற்ற வாக்காளர்களில் பத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார். பத்தில் ஒருவர் பேசினார். ஆறு பேருக்கு மேல் வாய் மூடியிருந்தனர். பேசியவன் குரல் நாட்டின் குரலாயிற்று.

இந்தக் கட்சி தம் வாக்குகளைக் கரைத்துவிடும் என்னும் அச்சம், பிரதமர் டேவிட் கேமரனை 2013 ஜனவரியில் பொதுவாக்கெடுப்பு வாக்குறுதிக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்று. 2016 ஜூன் 23-ல் அவ்வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 72 பேர் வாக்களித்தனர். 51.9 விழுக்காட்டினர் வெளியேறுவோம் என்றனர்.

இங்கே என் வழக்கின் எல்லையைத் தெளிவுபடுத்த வேண்டும். வெளியேறியது சரியா, தவறா என்பதன்று நான் எழுப்பும் வினா. ஒன்றியத்தை நேர்மையாக வெறுத்தவர்கள் இருந்தனர். தம் கொள்கையை நம்பி, நடந்து சென்று வாக்களித்தனர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாவில்லை. தேர்தல் என்னும் கடமையை அவர்களே முழுமையாக நிறைவேற்றினர். என் வழக்கு மற்றவர்மீதுதான். ஒன்றியம் வேண்டும் என்று உள்ளத்தில் எண்ணிக்கொண்டே, நாற்பதாண்டுக் காலம் அதன் தேர்தலன்று வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர்கள், 2016-ல் திடுக்கிட்டு விழித்துத் தெருவில் கொடி பிடித்து அழுதார்களே, அவர்கள்மீதுதான்! 2019 மே மாதம் இறுதித் தேர்தல் வந்தது. மூன்று ஆண்டுக் கொந்தளிப்புக்குப் பிறகும் வாக்களித்தவர் நூற்றுக்கு 37 பேர்தாம். சில மாதங்களுக்கு முன் தோன்றிய பிரெக்சிட் கட்சி, 73 இடங்களில் 29-ஐ வாரிக்கொண்டு போயிற்று.

தாரிக்கின் மலையிலிருந்து ஒரு வழக்கு

உரிமையின் அருமையை உடையவன் அறியான், இல்லாதவன் அறிவான்.

ஸ்பெயினின் தென்முனையில், பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட ஜிப்ரால்டர் என்னும் சிறு நிலம் இருக்கிறது. 711-ல் அங்குக் கரையிறங்கிய தாரிக் இப்னு ஸியாதின் பெயரால் 'ஜபல் தாரிக்' என்று வழங்கி, மருவிப்போன மலை அதுவே. ஐரோப்பியச் சட்டங்கள் பல அம்மக்களையும் கட்டுப்படுத்தின; ஆயினும் அப்பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு வழங்கப்படவில்லை. அங்கு வாழ்ந்த ஒரு பெண்மணி 1994-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளராய்ப் பதிய விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. அவர் ஓய்ந்துவிடவில்லை. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் படியேறினார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பிரிட்டன் செய்தது உரிமை மீறல்! 2004-ல் ஜிப்ரால்டர் மக்கள், தென்மேற்கு இங்கிலாந்துத் தொகுதியோடு சேர்ந்து முதன்முறையாக வாக்களித்தனர்; பாதிக்கும் மேற்பட்டோர் திரண்டு வந்தனர்.

ஒரு பெண் ஐந்தாண்டு வழக்காடிப் பெற்ற அந்தச் சீட்டைத்தான், மான்செஸ்டரில் அஞ்சல்காரர் கொண்டுவந்து கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போனார். அதைத்தான் நம் வீட்டுப் பிள்ளை எடுத்துப் பார்த்து, "நமக்கென்ன" என்று மேசைமேல் வைத்தார்.

நமக்கும் அதில் பங்கிருந்தது

"பிரிட்டன் தேர்தலில் வெளிநாட்டவனான இந்தியனுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். பலருக்கும் தெரியாத செய்தி இதுதான். பிரிட்டனில் முறைப்படித் தங்கியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அந்நாட்டுத் தேர்தல்களில் வாக்குரிமை உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை அனைத்தும் காமன்வெல்த் நாடுகளே. ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலிலும் 2019 வரை அவ்வுரிமை இருந்தது. ஜிப்ரால்டரில் வாழும் காமன்வெல்த் குடிமக்களுக்கு இவ்வுரிமை தரப்பட்டதை எதிர்த்து ஸ்பெயின் அரசு வழக்குத் தொடுத்தது. லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2006 செப்டம்பரில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஓர் அரசே எதிர்த்து வழக்காடும் அளவுக்கு மதிப்புள்ள உரிமையை, உடையவர்கள் உதாசீனம் செய்யலாமா?

தமிழர் இதன் அருமையை அறவே அறியாதவர்கள் என்றும் கூறிவிட முடியாது. கிரிஃபின் வென்ற அதே 2009 ஜூன் 4-ஆம் நாள் தேர்தலில், இலண்டன் தொகுதியில் ஜனனி ஜனநாயகம் என்னும் தமிழ்ப்பெண் எக்கட்சியின் துணையுமின்றிச் சுயேச்சையாய் நின்றார். இலங்கைப் போர் பேரிழப்போடு முடிந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை. தம் துயரை எங்கே சொல்லி அழுவது என்று தவித்த மக்கள், சாவடிக்குச் சென்று அவருக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் வாக்குகளை அளித்தனர். இடம் கிடைக்கவில்லை. ஆயினும், மனம் வைத்தால் சிறிய சமூகம்கூட இலண்டன் மாநகரில் ஐம்பதாயிரம் வாக்குகளைத் திரட்ட முடியும் என்பது கணக்கில் பதிந்தது. வடமேற்கில் தேவைப்பட்டதோ ஐயாயிரம்! துயரம் நெஞ்சை அடைத்தபோது எழுந்த கால்கள், ஆபத்து வாசலில் நின்றபோது எழவில்லையே என்பதுதான் என் ஏக்கம்.

ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் பிரிட்டனின் நாற்காலிகள் இன்று இல்லை. 2020 ஜனவரி 31 இரவோடு அந்த 73 இடங்களும் அகன்றன. அவற்றில் 27 மற்ற நாடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. எஞ்சியவை எடுத்து வைக்கப்பட்டன. அகதிக் குழந்தையாய் வந்து உறுப்பினரான மஜீத் மஜீதின் பதவியும் ஏழே மாதங்களில் முடிந்தது. இனி அத்தேர்தலில் வாக்களிக்க ஏங்கினாலும் அங்கே வாக்குச்சீட்டு இல்லை.

ஆனால் பிரிட்டனின் பொதுத்தேர்தலிலும் இங்கிலாந்தின் நகரசபைத் தேர்தல்களிலும் காமன்வெல்த் குடிமக்களுக்கு உள்ள வாக்குரிமை இன்றும் இருக்கிறது. பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு இந்தியக் கடவுச்சீட்டே போதும். ஐரோப்பியத் தேர்தலைப் பற்றிச் சொன்ன அதே 'நமக்கென்ன' இவற்றைப் பற்றியும் சொல்லப்படுவதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடல் கடந்த பிள்ளைகளோடு வாரந்தோறும் தொலைபேசியில் பேசும் தாய்மார்களே, தந்தையரே! உண்டாயா, உறங்கினாயா, தொழுதாயா, பணம் அனுப்பினாயா என்று கேட்கிறீர்கள். அவற்றோடு இன்னுமொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா?" வாக்கு ஓர் அமானிதம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தெருவில் போட்டுவிட்டு, "நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லையே" என்று கூற முடியாது. அதைக் குனிந்து எடுப்பவன் யார் என்பதை வடமேற்கு இங்கிலாந்தின் இரண்டு எண்கள் சொல்கின்றன.

1,34,959. 1,32,094. அடுத்த முறை என் தமக்கை மகன் ஊருக்கு வரும்போது, அதே திண்ணையில் அமர்ந்து, வேறு பேச்சுப் பேசுமுன் இவ்விரண்டு எண்களையும் அவர் கையில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.